தேரை தண்ணீர்ப் பானைக்கு அடியில் குடிவந்த கதை

மனிதர் பேச்சு தேரைக்கும் தேரையின் பேச்சு மனிதருக்கும் விளங்கிய அந்தக் காலத்தில், தேரைகள் எந்த வீட்டுக்குள்ளும் வந்ததில்லை. கண்மாய்க் கரைச் சேற்றில் பிறந்து, அங்கேயே வாழ்ந்து, அங்கேயே மடிந்தன. அவற்றின் தோல் கொழுந்து வெற்றிலையைப் போல வழுவழுவென்று இருந்தது. கையில் எடுத்தால் பேசாமல் உட்கார்ந்திருக்கும். யாரைக் கண்டும் அவை பயந்ததில்லை.

அப்படி ஒரு கண்மாய்க்குக் கீழே ஒரு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. அகத்தி மரங்கள் வரிசை வரிசையாக நிற்கும். அவற்றின் மேல் கொடிகள் ஏறிப் படர்ந்து வெயிலை மறைத்துக்கொண்டிருக்கும். உள்ளே நுழைந்தால் வெளிச்சமே பச்சையாகிவிடும். அங்கே நடக்கிறவர்களின் முகமும் கைகளும் குளத்து அடியில் இருப்பவை போலத் தெரியும். காலடி ஓசைகூடக் கேட்காது.

அந்தக் கொடிக்காலின் ஓரத்தில் ஒரு மண் குடிசை. அதில் சடையாண்டியும் அவன் மனைவி இருளாயியும் இருந்தார்கள். சடையாண்டி வெற்றிலையைக் கிள்ளிக் கட்டுக் கட்டி, தலைச்சுமையாகச் சந்தைக்குக் கொண்டு போவான். தூரத்துச் சந்தை என்றால் திரும்பி வரச் சில நாட்கள் ஆகும். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. பவளம் என்று பெயர். இன்னும் தவழத் தொடங்காத பிள்ளை.

பவளம் தூங்காது.

பகலில் கொஞ்ச நேரம் கண் மூடும். பொழுது சாய்ந்து விளக்கேற்றினால் அழுகை ஆரம்பித்துவிடும். பால் கொடுத்தாலும் நிற்காது, தோளில் போட்டு நடந்தாலும் நிற்காது. பாயில் கிடத்தினால் முதுகை வளைத்து வளைத்து அழும். இருளாயி மிளகு சுட்டுப் பார்த்தாள், வசம்பு உரைத்துப் பார்த்தாள், மலையடிக் கோயிலில் துணி முடிந்து வைத்தாள். எதற்கும் கேட்கவில்லை. தூக்கம் கெட்டுக் கெட்டு அவளுக்கு நடப்பதெல்லாம் கனவு போலவும் கனவெல்லாம் நடப்பது போலவும் ஆகிவிட்டது. கொடிக்காலுக்குள் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருப்பாள். திடீரென்று, தான் எதற்காக அங்கே நிற்கிறோம் என்பது மறந்துவிடும்.

"பிள்ள எனக்கே எமனா வந்திருக்கு" என்று ஒருநாள் அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. சொன்ன பிறகு பயந்துபோய்க் குழந்தையை இறுக அணைத்துக்கொண்டாள்.

அந்த வருஷம் கோடை கடுமையாக இருந்தது. கண்மாய் வற்றிக்கொண்டே வந்து, நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் நின்றது. கரைச் சேறு வெடித்துப் பாளம் பாளமாகப் பிளந்தது. தேரைகள் ஈரத்தைத் தேடி நாலா பக்கமும் போயின. அவற்றில் ஒன்று காய்ந்த வாய்க்கால் வழியாகக் கொடிக்காலுக்குள் வந்தது. அங்கிருந்து பார்த்தபோது குடிசைக்குள் விளக்கு எரிவது தெரிந்தது. விளக்கு இருக்கும் இடத்தில் பூச்சி இருக்கும் என்று அது நினைத்துக்கொண்டது. மெல்லத் தத்தித் தத்தி வாசற்படி ஏறி உள்ளே போனது. தேரை இனத்தில் ஒரு வீட்டின் படியை முதலில் ஏறியது அதுதான்.

அப்போது பவளம் அழுதுகொண்டிருந்தது. சடையாண்டி சந்தைக்குப் போயிருந்தான். பிள்ளையின் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த இருளாயி, தன்னை அறியாமல் கண்ணயர்ந்துவிட்டாள்.

விடிந்து பார்த்தபோதுதான் தான் தூங்கியிருப்பது அவளுக்குத் தெரிந்தது. பிள்ளையின் அழுகைச் சத்தம் இல்லை. குனிந்து பார்த்தாள். பவளம் இரண்டு கைகளையும் விரித்துப் போட்டு, வாயைத் திறந்தபடி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. பாயின் ஓரத்தில் ஒரு தேரை உட்கார்ந்திருந்தது.

"நீயா? இங்க என்ன செஞ்ச?" என்று இருளாயி மெதுவாகக் கேட்டாள்.

"சாப்பிட்டேன் தாயி. வயிறு நிறைஞ்சதும் கொஞ்சம் பாடினேன்" என்றது தேரை.

இருளாயியின் கண்கள் நிறைந்தன. எத்தனையோ நாளாகக் கொடுக்க முடியாத தூக்கத்தை இந்தச் சிறு பிராணி ஒரு பாட்டில் கொடுத்துவிட்டதே என்று நினைத்தாள். தேரையைக் கையில் எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அது குளிர்ச்சியாக இருந்தது. அதன் தொண்டை துடிப்பது கன்னத்தில் தெரிந்தது.

"எங்கயும் போயிராத. இங்கயே இரு" என்றாள்.

"ஈரம் இருக்கிற வரைக்கும் இருக்கேன் தாயி" என்றது தேரை.

தேரை பகலில் வாய்க்கால் ஓரத்து மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. பொழுது சாய்ந்ததும் குடிசைக்கு வந்தது. அது வந்த நாட்களிலெல்லாம் பவளம் தூங்கியது. இருளாயியின் முகத்தில் தெளிவு வந்தது. சந்தையிலிருந்து திரும்பிய சடையாண்டி வாசலில் நின்று, அழுகைச் சத்தம் இல்லாததைக் கேட்டு, வேறு யார் வீட்டுக்கோ வந்துவிட்டோமா என்று ஒரு நிமிஷம் தயங்கினான்.

ஆனால் சந்தோஷத்தோடு கூடவே இருளாயிக்கு ஒரு பயமும் வந்தது. வாய்க்கால் ஓரத்து ஈரமும் காய்ந்துகொண்டு வருகிறது. இன்றைக்கு வந்த தேரை நாளைக்கு வராமல் போனால்? வேறு ஈரம் தேடிப் போய்விட்டால்? கொடிக்காலுக்கு மேலே பருந்து சுற்றுவதைப் பார்த்தாலும் அவளுக்கு அதே நினைப்பு. வரப்பில் சாரைப்பாம்பு போனாலும் அதே நினைப்பு. தேரைக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளை பழையபடி அழ ஆரம்பித்துவிடுமே என்று உள்ளுக்குள் நடுங்கினாள்.

ஒருநாள் சாயங்காலம் தேரை உள்ளே வந்ததும் இருளாயி அதை எடுத்து ஒரு பழைய பானைக்குள் விட்டாள். வாயை ஓட்டை போட்ட மூடியால் மூடினாள். மூடியின் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள்.

"தாயி, எதுக்கு மூடுற?" என்று பானைக்குள்ளிருந்து கேட்டது தேரை.

"உன் நல்லதுக்குத்தான். பாம்பு வராது, பருந்து வராது. வேளாவேளைக்கு நானே சோறு போடுறேன். நீயும் எனக்கு ஒரு பிள்ளை" என்றாள் இருளாயி. அதை அவள் பொய்யாகச் சொல்லவில்லை. அவள் மனசுக்கு அப்படித்தான் பட்டது.

அதற்குப் பிறகு அவள் தேரையைச் சீராட்டி வளர்த்தாள். சோற்றைப் பிசைந்து பருக்கை பருக்கையாகப் போட்டாள். தேரை அதைப் பார்க்கக்கூட இல்லை. ஒரு பருக்கையின் மேல் எறும்பு ஒன்று ஏறி ஊர்ந்தபோது மட்டும், அதன் நாக்கு வெளியே வந்து எறும்பையும் பருக்கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. கண்ணை இறுக மூடி அது விழுங்குவதைப் பார்த்த இருளாயி, சோறு அதற்குப் பிடித்துவிட்டது என்று மகிழ்ந்து இன்னொரு பிடி போட்டாள். சிரட்டையில் பால் வைத்தாள். பால் புளித்துப்போனது. தேரையின் தோல் வறண்டு வருவதைப் பார்த்து, இதமாக இருக்கட்டும் என்று விளக்கெண்ணெய் தடவிவிட்டாள். தேரை தோலாலும் மூச்சு விடுகிற பிராணி. எண்ணெய் பட்டதும் அதற்கு மூச்சு முட்டியது. பானையின் சொரசொரப்பான சுவரில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து அது எண்ணெயைப் போக்கிக்கொண்டது. தேய்த்த இடமெல்லாம் தடித்துப் பொரிப்பொரியாகக் கிளம்பியது. அந்தத் தோலை உரித்து வாயாலேயே இழுத்து விழுங்கிவிட்டுப் பார்த்தது. உள்ளிருந்து வந்த புதுத்தோலும் பொரிப்பொரியாகவே இருந்தது.

பவளம் மறுபடி அழ ஆரம்பித்தது.

இருளாயி பானையைப் பிள்ளையின் தலைமாட்டிலேயே நகர்த்தி வைத்தாள். "பாடு சாமி, கொஞ்சம் பாடு" என்று கெஞ்சினாள். தேரை பாடியது. பானைக்குள்ளிருந்து வந்த பாட்டு குடிசை முழுக்க நிறைந்து, கொடிக்காலுக்குள் போய், கண்மாய்க் கரை வரைக்கும் கேட்டது. பிள்ளை அழுகையை நிறுத்தவில்லை.

"முன்னே மாதிரி பாடு" என்றாள்.

"முன்னே மாதிரிதான் பாடுறேன் தாயி."

"இல்ல. ஏதோ மனசுல வச்சுக்கிட்டுப் பாடுற. பானையில போட்டுட்டேன்னு கோவம்."

தேரைக்குப் பேசவே தெம்பு இல்லை. பகலெல்லாம் கண்ணை மூடிக் கிடந்தது. மூடிய கண்ணுக்குள் ஈர மண் தெரிந்தது. வெட்டிப் புரட்டிய கறுப்பு மண். அதற்குள் பின்னங்காலால் மண்ணைத் தள்ளித் தள்ளிப் பின்பக்கமாகவே இறங்குவது போல அது கனவு கண்டது. முதலில் இடுப்பு, அப்புறம் முதுகு, கடைசியில் கண்கள். மண் மேலே மூடிக்கொள்ளும். குளிர்ச்சி அடிவயிறு வழியாக உள்ளே ஏறும். விழித்துப் பார்த்தால் காய்ந்த பானை.

ஒருநாள் மத்தியானம். சடையாண்டி ஊரில் இல்லை. கண்மாயில் நடுவில் நின்ற தண்ணீரும் போய்விட்டிருந்தது. ஓடை மணலில் ஊற்றுத் தோண்டி, அகப்பையால் மொண்டு மொண்டு நிரப்பிக் கொண்டுவந்த ஒரு பானைத் தண்ணீர்தான் அன்றைக்கு வீட்டுக்கு. இருளாயி அதை மூலையில் இறக்கி வைத்துவிட்டு, தேரையின் பானையைத் திறந்தாள். தேரை ஒருக்களித்துக் கிடந்தது. தொண்டையில் துடிப்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அவள் அதை எடுத்துப் பிள்ளையின் பாயில் வைத்தாள்.

பவளத்தின் கையில் ஒரு செவ்வெறும்பு ஏறியது. குழந்தை சிணுங்கியது. செத்ததுபோலக் கிடந்த தேரையின் கண்கள் திறந்து, அந்த எறும்பு போகிற பக்கமாகத் திரும்பின. நாக்கு சற்றே வெளியே வந்தது. எட்டவில்லை.

இருளாயி அதைப் பார்த்தாள். பிறகு குழந்தையின் கையைப் பார்த்தாள். எறும்பு இருந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. பிள்ளையைத் தூக்கித் திருப்பினாள். முதுகு முழுக்க அதே மாதிரிப் புள்ளிகள். இத்தனை நாளும் அவள் அதை வேர்க்குரு என்றுதான் நினைத்திருந்தாள். பாயைத் தூக்கினாள். அடியில் சுவரின் வெடிப்பிலிருந்து எறும்புகள் சாரைசாரையாகப் போய்வந்துகொண்டிருந்தன. ஒரு பூரான் வெளிச்சம் பட்டதும் நெளிந்து மறைந்தது.

அவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"பாட்டுக்கு இல்லையா இவ தூங்கினது?"

தேரை மெல்லப் பேசியது. "பாட்டு எங்க கூட்டத்தைக் கூப்பிடுறதுக்கு தாயி. பிள்ளையத் தூங்க வைக்க எனக்குத் தெரியாது. இதுங்களத் தின்னேன். கடி நின்னுச்சு. பிள்ளை தூங்கிருச்சு."

"இத ஏன் நீ என்கிட்ட சொல்லல?"

"மொத நாளே சொன்னேன். சாப்பிட்டேன், பாடினேன்னு ரெண்டையும் சொன்னேன். நீ பாட்ட மட்டும் எடுத்துக்கிட்ட."

இருளாயி பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். வெளியே அகத்தி இலைகள் ஒன்றிரண்டாக உதிர்ந்துகொண்டிருந்தன.

"இப்ப உனக்கு என்ன வேணும்? கேளு" என்றாள்.

"தண்ணி. ஆனா சிரட்டையில வேண்டாம். நாங்க வாயால குடிக்கிறதில்ல. ஈர மண்ணுல உக்காந்தா வயிறே குடிச்சுக்கும்."

வீட்டில் இருந்தது அந்த ஒரு பானைத் தண்ணீர்தான். பிள்ளைக்கும் அதுதான், உலைக்கும் அதுதான். வெளியே வெயில் தகித்தது. ஊற்றுக்குப் போனால் மறுபடி தண்ணீர் சுரந்திருக்குமா என்பதும் தெரியாது. இருளாயி எழுந்தாள். மூலைக்குப் போய், பானையை இரண்டு கையாலும் பிடித்துச் சாய்த்தாள். தண்ணீர் முழுவதும் மண் தரையில் கொட்டியது. காய்ந்த மண் அதைச் சத்தத்தோடு உறிஞ்சி, கறுத்து, குழைந்தது. அவள் தேரையை எடுத்து அந்தச் சேற்றின் நடுவில் வைத்தாள்.

பிறகு வெறும் பானையை இடுப்பில் ஒரு பக்கமும் பவளத்தை மறுபக்கமும் வைத்துக்கொண்டு ஓடைக்கு நடந்தாள். மணல் காலைச் சுட்டது. பிள்ளை தாகத்தில் அழுதது. ஊற்றில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்ல ஊறியது. முதல் அகப்பை பிள்ளைக்கு. அப்புறம் பானைக்கு. பானை பாதி நிறைந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது.

திரும்பி வந்து பார்த்தால் மூலையில் தேரை இல்லை. கிளறிவிட்ட மாதிரி கொஞ்சம் மண் மட்டும் இருந்தது. போய்விட்டது என்று நினைத்தாள். நியாயம்தான் என்றும் நினைத்தாள். பானையை இறக்கி அதே மூலையில் வைத்தாள். பானையின் வயிற்றில் நீர் கசிந்து, முத்து முத்தாகத் திரண்டு, அடியில் மண்ணை நனைத்தது.

விளக்கேற்றியபோது பானைக்கு அடியில் மண் அசைந்தது. இரண்டு கண்கள் முளைத்தன. பின்பு தலை. பின்பு முழுத் தேரை. அது வெளியே வந்து, பவளத்தின் பாயைச் சுற்றித் தத்தித் தத்திப் போனது. ஒவ்வொரு விழுங்கலுக்கும் கண்ணை மூடி மூடித் திறந்தது. இருளாயி சுவரோரம் உட்கார்ந்து, அது தன் போக்கில் சாப்பிடுவதை முதல்முறையாக முழுக்கப் பார்த்தாள். பிள்ளை தூங்கிப் போனது.

கோடை முடியும் வரை தேரை பானையடியிலேயே இருந்தது. ஒருநாள் மாலை மேற்கே மலைமேல் இடி இடித்தது. மண் வாசனை முதலில் வந்தது. பின்னாலேயே மழை வந்தது. கொடிக்கால் முழுவதும் ஒரே சலசலப்பு. மழை சற்று ஓய்ந்ததும் கண்மாய்ப் பக்கமிருந்து பாட்டுக் கேட்டது. முதலில் ஒரு குரல், பிறகு பல. தேரை வாசற்படி வரைக்கும் வந்து நின்றது.

"போகணும் தாயி" என்றது. "நான் பிறந்த தண்ணியில போய்ப் பாடணும். அங்கதான் எனக்குத் துணை வரும்."

இருளாயி பிள்ளையைப் பார்த்தாள். "திரும்பி வருவியா?"

"எனக்கு அது தெரியாது."

அவளுடைய கை தானாகக் கதவுப் படலின் மேல் போயிருந்தது. ஒரு தள்ளுத் தள்ளினால் மூடிவிடும். அவள் படலை அகலத் திறந்து, மழைக் காற்றில் அடித்து மூடிக்கொள்ளாதபடி ஒரு கல்லை முட்டுக் கொடுத்தாள். தேரை ஈரத்துக்குள் இறங்கிப் போனது. திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்து வந்த நாட்கள் கஷ்டமாகத்தான் இருந்தன. இருளாயி சுவர் வெடிப்புகளைச் சாணமும் மண்ணும் குழைத்து அடைத்தாள். வேப்பிலைப் புகை போட்டாள். பிள்ளையைத் தரையில் விடாமல் தூளி கட்டினாள். எறும்பு கயிறு வழியாகவும் வந்தது. பாதித் தூக்கம், பாதி அழுகை என்று பொழுது போனது.

சடையாண்டிக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் அவளைக் கண்மாய்க்குக் கூட்டிக்கொண்டு போனான். நிறைந்த கண்மாய் வானத்தைத் தாங்கிக்கொண்டு கிடந்தது. நீருக்கடியில் செடித்தண்டுகளைச் சுற்றி, மணி கோத்த மாலைபோலத் தேரை முட்டைகள் நீளநீளமாகக் கிடந்தன. கரையில் தேரைகள் அங்கங்கே உட்கார்ந்திருந்தன. பானையிலிருந்து போன அந்த ஒன்றைப் பார்த்தோ என்னவோ, எல்லாவற்றின் தோலும் இப்போது பொரிப்பொரியாக இருந்தது.

"அந்த ஒண்ணுதான் வேணுமா என்ன? ஏதாவது ஒண்ணப் பிடிச்சுட்டுப் போவோம்" என்று சொல்லி அவன் ஒரு தேரையைக் கையில் எடுத்தான். தேரை மூச்சை இழுத்து, உடம்பை உப்பிக்கொண்டே போனது. இரண்டு மடங்கு ஆயிற்று. அவன் உள்ளங்கை நனைந்தது.

"இந்தா பாரு, கையில ஒண்ணுக்கு இருந்துருச்சு. எதுக்கு இப்படி உப்புது?" என்றான் சிரித்துக்கொண்டே.

"பானை வாய்க்குள்ள நுழையக் கூடாதுன்னு உப்புது" என்றாள் இருளாயி. "இறக்கி விடுங்க. முன்னால ஒண்ண அடைச்சு வச்சதே போதும்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். குனிந்து தேரையை நீரோரம் விட்டான். அது உப்பலை இறக்கிக்கொண்டு, அவசரமில்லாமல் புல்லுக்குள் போனது.

மழைக்காலம் முடிந்து பனி இறங்கத் தொடங்கிய ஒரு சாயங்காலம், இருளாயி விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாள். வாசற்படியில் ஏதோ தத்தும் ஓசை கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள். ஒரு தேரை படியேறி உள்ளே வந்தது. அதன் பின்னால், கட்டைவிரல் நகத்தளவே இருந்த குட்டித் தேரைகள் சில, ஒவ்வொரு தத்தலுக்கும் விழுந்து விழுந்து எழுந்து வந்தன.

"நீதானா?" என்று இருளாயி கேட்டாள்.

தேரை பதில் பேசவில்லை. அதே தேரையா, அதன் கூட்டத்தில் இன்னொன்றா என்று அவளால் சொல்ல முடியவில்லை. எல்லாம் ஒரே பொரித்தோல், ஒரே பொன்னிறக் கண். அது அவளைக் கடந்து மூலைக்குப் போய், தண்ணீர்ப் பானையின் அடியில், கசிந்த ஈரத்தில் பின்னங்காலால் மண்ணைத் தள்ளித் தள்ளிப் பின்பக்கமாக இறங்கிக்கொண்டது. கண்கள் மட்டும் வெளியே இருந்தன. பவளம் அப்போது தவழக் கற்றிருந்தது. பானை வரைக்கும் தவழ்ந்து போய், அந்தக் கண்களைக் கையை நீட்டாமல் பார்த்துக்கொண்டிருந்து, அங்கேயே தரையில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டது. இருளாயி படலைத் திறந்தபடியே விட்டுவிட்டு, பிள்ளையின் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

தேரை பொரித்தோலோடு இருப்பதும், தொட்டால் உப்பிக்கொள்வதும், யாரும் அழைக்காமல் வீட்டுத் தண்ணீர்ப் பானைக்கு அடியில் வந்து குடியிருப்பதும், மழைச் சத்தம் கேட்டால் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போவதும், அதைக் கண்ட பெண்கள் விரட்டாமலும் பிடிக்காமலும் அது நசுங்காதபடி பானையை மட்டும் சற்றே நகர்த்தி வைத்துவிட்டுப் போவதும், எல்லாம் அன்று முதல்தான்.